மேற்பரப்பை என்எம்ஆரில் பார்க்க எது நல்ல வழி: டிஎன்பியா, அதிவேகச் சுழற்சியா, ஐசோடோப்பா?

என்எம்ஆர் என்பது பொருளைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து, அதன் அணுக்கருக்கள் தரும் ரேடியோ சிக்னலைக் கேட்கும் முறை. சிலிக்கா தூளின் மேல் மெத்தில் குழுக்களை ஒட்டவைத்துவிட்டு, அவற்றின் கார்பன் சிக்னலைத் தேடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் வயிறு கலங்கும். கிராமுக்கு 200 சதுர மீட்டர் பரப்புள்ள சிலிக்காவை வெற்றிடத்தில் 700 டிகிரி செல்சியஸில் சுட்டால் கிராமுக்குச் சுமார் 0.3 மில்லிமோல் ஹைட்ராக்சில் மிஞ்சும். ஒவ்வொன்றிலும் ஒரு மெத்தில் என்றால், ரோட்டரில் (காந்தத்துக்குள் சாம்பிளைச் சுழற்றும் சிறு குழாய்) அடைத்த 30 மி.கி. தூளில் 9 மைக்ரோமோல். அதில் என்எம்ஆருக்குத் தெரியும் கார்பன்-13 வெறும் 1.1 சதவீதம். அதிலும் 9.4 டெஸ்லா காந்தத்தில், அறை வெப்பநிலையில், பத்து லட்சம் கருக்களுக்கு எட்டுதான் மிச்சமாக நின்று சிக்னல் தரும். மற்றவை எதிரும் புதிருமாக நின்று ஒன்றையொன்று ரத்து செய்துவிடும்.

ஸ்கேனை அதிகமாக்கலாமே என்றால், இரைச்சலை மீறிய தெளிவு ஸ்கேன் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குத்தான் ஏறும். பத்து மடங்கு தெளிவுக்கு நூறு மடங்கு நேரம். ஒரு நாள் வேலை மூன்று மாதமாகிவிடும். புரோட்டானிலிருந்து (ஹைட்ரஜன் கரு) கார்பனுக்கு முனைவாக்கத்தை, அதாவது ஒரு பக்கமாக மிச்சம் நிற்கும் அந்த அளவை, மாற்றும் வேலையை 1970களிலிருந்து எல்லோரும் செய்கிறார்கள். ஆகவே அதைப் போட்டியில் சேர்க்கவில்லை.

முதலில் டிஎன்பி (டைனமிக் நியூக்ளியர் போலரைசேஷன்). எலக்ட்ரானின் முனைவாக்கம் புரோட்டானைவிட 658 மடங்கு. அதை மைக்ரோவேவால் கருவுக்குக் கடத்தலாம் என்று ஓவர்ஹவுசர் 1953இல் சொன்னார். அதே ஆண்டில் கார்வரும் ஸ்லிக்டரும் லித்தியம் உலோகத்தில் காட்டியும் விட்டார்கள். உயர்ந்த காந்தப்புலத்துக்கு இது வர, எம்ஐடியில் கிரிஃபின் குழு வலுவான மைக்ரோவேவ் தரும் கருவியான ஜைரோட்ரானை ஸ்பெக்ட்ரோமீட்டரோடு இணைக்கும்வரை, 1990கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேற்பரப்புக்கு இதைக் கொண்டுவந்தது பிரான்சின் லியோன் நகரம். லெசாஜ், கொப்பரே, எம்ஸ்லி முதலியோர் 2010இல் ரேடிக்கல் (இணை சேராத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு) கரைசலால் துளைச் சிலிக்காவை நனைத்து, மேற்பரப்புக் கார்பனின் சிக்னலைச் சுமார் 50 மடங்கு உயர்த்தினார்கள். 50 மடங்கு சிக்னல் என்றால் 2500 மடங்கு நேரம் மிச்சம்: நூறு நாள் வேலை ஒரு மணி நேரத்தில்.

செய்முறை பார்க்கச் சாதாரணம்தான். வாட்ச் கிளாஸில் 20 மி.கி. தூள், அதன் மேல் டெட்ராகுளோரோஈத்தேனில் கரைத்த 16 மில்லிமோலார் டெக்பால் என்ற ரேடிக்கல் 20 மைக்ரோலிட்டர். கண்ணாடிக் குச்சியால் கிளறினால் புட்டு மாவுப் பதம் வர வேண்டும்: பிடித்தால் பிடிபடணும், விட்டால் உதிரணும். குழைந்துவிட்டால் துளைக்கு வெளியே கரைப்பான் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். அப்புறம் மைக்ரோவேவை உள்ளே விடும் சஃபையர் ரோட்டரில் அடைத்து, 100 கெல்வினுக்குக் குளிரவைத்து, 263 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவைப் போட வேண்டியது.

ஆனால் கட்டுரைகளில் வரும் '200 மடங்கு' என்ற எண்ணை அப்படியே நம்பாதீர்கள். மைக்ரோவேவ் போட்டபோதும் நிறுத்தியபோதும் வந்த உயரங்களின் விகிதம் அது. நிறுத்திய நிலையிலேயே சாம்பிள் நிறைய இழந்திருக்கும். ரேடிக்கலுக்கு அருகிலுள்ள கருக்கள் கண்ணுக்கே தெரியாது, ரோட்டரில் பாதி இடத்தைக் கரைப்பான் தின்றுவிடும். குளிரால் மூன்று மடங்கு லாபமும், ரேடிக்கலால் ஸ்கேன்களுக்கு இடையிலான காத்திருப்புக் குறைவதும் வரவுப் பக்கம். நியாயமான ஒப்பீடு என்றால், உலர்ந்த சாம்பிளை அறை வெப்பநிலையில் அதே நேரம் ஓட்டிப் பார்ப்பதுதான்.

பெரிய சிக்கல் வேறு. உண்மையில் நாம் பார்க்க விரும்பும் மேற்பரப்புகள் பெரும்பாலும் வினையூக்கிகள், வினைபுரிவதுதான் அவற்றின் வேலை. ஒருமுறை உலோக ஹைட்ரைடு ஏற்றிய சிலிக்கா மேல் கரைசலை விட்டேன். ஆரஞ்சு நிறம் கண்ணெதிரே வெளிறியது. ரோட்டரை உள்ளே அனுப்பினால், மைக்ரோவேவ் போட்டாலும் நிறுத்தினாலும் ஒரே உயரம். ரேடிக்கலையும் தின்று, தானும் கெட்டுப்போயிருந்தது சாம்பிள். நுண்துளைக் கனிமமான ஜியோலைட்டில் வேறு கதை: இசட்எஸ்எம்-5 என்ற வகையின் துளை அரை நானோமீட்டர் சொச்சம், டெக்பால் உள்ளே நுழையவே முடியாது.

அப்படிப்பட்ட சாம்பிளுக்குத்தான் அதிவேகச் சுழற்சி. கார்பனைக் கேட்பதற்குப் பதில் புரோட்டான் வழியாகக் கேட்டால் கொள்கையளவில் எட்டு மடங்கு லாபம். திடப்பொருளில் புரோட்டான் கோடுகள் அகலமாகக் கிடப்பதுதான் தடை; அதை உடைப்பது ரோட்டரின் வேகம். அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் புருஸ்கி குழு 2007இலேயே விநாடிக்கு 40,000 சுற்றில், துளைச் சிலிக்காவின் மேலிருந்த கரிமக் குழுக்களை இப்படிப் படித்தது. இன்று 0.7 மி.மீ. ரோட்டர்கள் லட்சம் சுற்றைத் தாண்டுகின்றன. அதில் கொள்வது அரை மி.கி. மட்டும்! கடைசி ஐந்து மி.கி.யை வைத்துக்கொண்டு தவிப்பவருக்கு வரப்பிரசாதம். ரேடிக்கல் வேண்டாம், கரைப்பான் வேண்டாம், காற்றுப் புகாத க்ளவ் பாக்ஸிலேயே அடைத்துவிடலாம். உறையவைக்காததால் மேற்பரப்புக் குழுக்கள் ஆடி அசைவதும் தெரியும். புரோட்டான் அருகில் இல்லாத கருவுக்கு மட்டும் இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆக்சைடின் ஆக்சிஜன் அந்த வகைதான். ஆக்சிஜன்-17 இயற்கையில் 0.04 சதவீதம்கூட இல்லை, அதனால் அந்த ஐசோடோப்பைக் காசு கொடுத்து ஏற்றியாக வேண்டும்; மூன்றாவது வழி இதுதான். நீராவியாக மிதமான சூட்டில் ஏற்றினால் தோல் மட்டும்தான் குறியிடப்படும். பணமும் மிச்சம், மேற்பரப்பும் தனியாகத் தெரியும். நான்ஜிங்கின் லூமிங் பெங்கும் கேம்பிரிட்ஜின் கிளேர் கிரேயும் 2015இல் சீரியா (சீரியம் ஆக்சைடு) நானோதுகள்களின் முதல், இரண்டாம், மூன்றாம் அடுக்கு ஆக்சிஜன்களைத் தனித்தனிச் சிகரங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். இது எனக்கு டிஎன்பி எண்களைவிட அழகாகப் படுகிறது.

28.2 டெஸ்லா காந்தத்தை வாங்கினால் என்ன? 9.4இலிருந்து மும்மடங்கு புலத்துக்கு ஐந்து மடங்குதான் லாபம், விலையோ கேட்கவே வேண்டாம். அலுமினியம்-27 பார்ப்பவருக்கு மட்டும் கோடுகள் ஒடுங்குவதால் கட்டுபடியாகும். லேசரால் முனைவாக்கிய செனான் துளைகளைப் பற்றி நன்றாகச் சொல்லும், ஒட்டியிருக்கும் மூலக்கூறைப் பற்றிச் சொல்லாது.

காற்றுக்கும் கரைப்பானுக்கும் அசையாத துளைச் சிலிக்கா, அதில் கார்பன், நைட்ரஜன், சிலிக்கான் பார்க்க வேண்டுமென்றால் தயங்காமல் டிஎன்பிக்குப் போகலாம். தொட்டால் சிணுங்கும் உலோகச் சேர்மம் என்றால் என் ஓட்டு சின்ன ரோட்டருக்கு. எதுவானாலும் முதலில் உலர்ந்த சாம்பிளை ஒரு ராத்திரி முழுக்க சாதாரண ப்ரோப் கருவியில் ஓட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஜைரோட்ரானில் நேரம் கேட்கப் போனால், முதலில் அந்த ஸ்பெக்ட்ரத்தைத்தான் கேட்பார்கள்.