தரைத்தட்டோடு ஐந்து வலசைக்காலம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பொழிமுகத்தில், உப்புக்கொத்தி என்கிற சின்னக் கரைப்பறவையை நான் முதன்முதலாக எடுத்த படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். நின்றபடி எடுத்தது. ஃபோகஸில் குறை சொல்ல முடியாது. ஆனால் தெரிவதெல்லாம் பறவையின் முதுகு, சுற்றிலும் மணல், ஒரு சிப்பித் துண்டு, ஒரு பாட்டில் மூடி. அடுத்த வாரம் அதே இடத்தில் குப்புறப் படுத்து எடுத்தேன். பின்னால் பழையாற்றுத் தண்ணீர் நீலமாய்க் கரைந்து கிடக்க, கறுப்புக் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சத்தோடு பறவை என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கரைப்பறவைகளை நின்று எடுப்பதை விட்டுவிட்டேன்.

காரணம் எளிதுதான். நின்று பார்க்கும்போது பறவைக்குப் பின்னணி அதன் வாலுக்கு ஓரடி பின்னால் இருக்கும் மணல். படுத்துப் பார்த்தால் பின்னணி ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் கடல். நான் பயன்படுத்துவது 150-600 மி.மீ. லென்ஸ், ஏபிஎஸ்-சி எனப்படும் சற்றே சின்ன சென்சார் கொண்ட கேமரா. 600 மி.மீ.இல், எஃப் 6.3 துளை அளவில், பத்து மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஆறேழு சென்டிமீட்டர்தான். அதற்கு முன்னும் பின்னும் எல்லாமே பனிபோல மங்கிவிடும். அந்த மங்கல்தான் படத்துக்கு அழகு.

முழங்கையை ஊன்றி, இரண்டு கிலோ லென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கிடந்தால் கழுத்தும் தோளும் விட்டுப்போகும். முக்காலியை எவ்வளவு விரித்தாலும் போதுமான தாழ்வு கிடைக்காது, நகர்த்தவும் முடியாது. அதனால் 2020 கடைசியில் கோட்டாறில் ஒரு பாத்திரக்கடையில் பன்னிரண்டு அங்குல அலுமினியத் தட்டு ஒன்றை வாங்கினேன். விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்கும் வகை. பக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் நடுவே துளை போட்டு, 3/8 அங்குல போல்ட்டை அடியிலிருந்து ஏற்றி, இரு பக்கமும் வாஷர் வைத்து முறுக்கித் தந்தார்கள். அதன்மேல் ஒரு பால் ஹெட், அதாவது லென்ஸை எந்தப் பக்கமும் சாய்க்கவும் திருப்பவும் உதவும் உருண்டை மூட்டு. அதுதான் என் தரைத்தட்டு. விலைக்கும் இப்படி ஒன்று கிடைக்கிறது. ஆனால் ஐந்து வலசைக்காலம் பயன்படுத்திவிட்டுச் சொல்கிறேன், பாத்திரக்கடைத் தட்டே போதும்.

அந்த வளைந்த விளிம்பில்தான் எல்லாம் இருக்கிறது. விளிம்பில்லாத தட்டை முன்னால் தள்ளினால் மணலைக் கலப்பைபோல உழும். வளைந்தது வழுக்கிக்கொண்டு போகும். நனைந்த மணலில் ஒரு விரலால் தள்ளலாம். நுரை வந்து தொட்டாலும் ஹெட்டின் அடிவரை ஏறாது. புத்தளம் உப்பளத்துப் பக்கம் சேற்று வரப்பில் இன்னும் லேசாக நகரும். அங்கே நெடுங்கால் உள்ளானும் பவளக்காலியும் தேங்கிய நீரில் நிற்கும்போது நிழலுருவம் தலைகீழாக முழுசாகக் கிடைக்கும். உப்பளத்துக்குள் போவதென்றால் அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பாத்தியை மிதித்தால் அவர்கள் உழைப்பு வீண்.

தட்டு, ஹெட், லென்ஸ் எல்லாம் சேர்ந்து லென்ஸின் நடு, தரையிலிருந்து 17 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த உயரம்தான் சரி என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. முதல் வருடம் எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது என்று நினைத்து, ஹெட்டைக் கழற்றிவிட்டு லென்ஸைத் தட்டிலேயே கிடத்தினேன். முன்னால் இருந்த சின்ன மணல் மேடு மங்கலாக எழும்பிப் பறவையின் காலை மறைத்தது. நூற்றுக்கணக்கான படங்களில் பறவைக்குக் காலே இல்லை.

கரைப்பறவையில் கால் முக்கியம். சாண்டர்லிங் என்கிற வெளிர் உள்ளான் நம் கடற்கரையில் அலை இறங்கும்போது அதன் பின்னாலேயே ஓடி, அலை திரும்பும்போது முன்னால் ஓடி வருமே, அதை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் சொத்தவிளையில் நான்கு மீட்டர் தூரத்தில் ஒன்று நின்றது. கறுப்புக் கால், மூன்று விரல். பின்விரல் இல்லவே இல்லை. மற்ற உள்ளான்களுக்கெல்லாம் சின்னதாக ஒரு பின்விரல் உண்டு. ஈர மணலில் அது விட்டுப்போன தடத்திலும் மூன்று கோடுதான். ஆர்க்டிக்கில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து, அலைக்கும் மணலுக்கும் நடுவில் நாள்பூராவும் ஓடுகிற பறவை. அதன் காலைப் பார்க்கத் தரையோடு தரையாகத்தான் கிடக்க வேண்டியிருந்தது.

வெளிச்சத்துக்கு வருவோம். கன்னியாகுமரியைத் தாண்டி மேற்கே போனால் நம் கரை பெரும்பாலும் தென்மேற்கைப் பார்த்துக் கிடக்கிறது. டிசம்பர், ஜனவரிக் காலையில் கடலைப் பார்த்துப் படுத்தால் வெயில் இடப்பக்கத்தில் சற்றே பின்னாலிருந்து வரும். பறவையின் இறகு ஒவ்வொன்றும் தெரியும். ஆனால் இந்த வசதி ஒன்பது மணிவரைதான், பல நாள் அதற்கும் முன்பே முடிந்துவிடும். மணல் சூடானதும் அதன்மேல் காற்று நெளிய ஆரம்பிக்கும். நின்று எடுப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. நாம் மணலுக்கு ஒரு சாண் மேலே, அந்த நெளியும் காற்றின் வழியாகவே பார்க்கிறோம். எந்த லென்ஸானாலும் படம் குழைந்துதான் வரும். புது லென்ஸ் வாங்கியவர்கள் பலர் இதை லென்ஸின் குறை என்று நினைத்து வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். லென்ஸை மாற்றும் முன் ஒருநாள் ஆறரைக்கே போய்ப் பாருங்கள்.

மணலின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். மணவாளக்குறிச்சிப் பக்கம் இல்மனைட் என்கிற கனிமம் கலந்த கருமணல். ஃபிரேம் முழுக்கக் கறுப்பாக இருந்தால் கேமரா வெளிச்சத்தை ஏற்றிவிடும், சாண்டர்லிங்கின் வெள்ளை வயிறு வெளுத்துப்போய் விவரமே இருக்காது. ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்து வைப்பேன். நுரை நிறைந்த ஃபிரேமில் இது அப்படியே தலைகீழ். அதனால் இப்போது வயிற்றின் வெள்ளையை வைத்து மேனுவலிலேயே கணக்கிட்டுக்கொள்கிறேன். ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்குக் கீழே இறக்குவதில்லை.

இந்த மணல்தான் கருவிக்கும் எதிரி. கருமணலோடு செந்நிறக் கார்னெட்டும் கலந்திருக்கிறது. உப்புத்தாள் செய்யவே பயன்படும் பொருள் அது. லென்ஸின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது துணியால் துடைத்தால் கீறல் உறுதி. முதலில் ஊதி, அப்புறம் மென்தூரிகை, கடைசியில்தான் துணி. இல்மனைட்டுக்குக் காந்தப்பிடிப்பும் உண்டு. என் பழைய பையின் மூடியில் காந்தப் பூட்டு இருந்தது. மணவாளக்குறிச்சியிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தப் பூட்டில் கருமணல் தாடிபோலத் தொங்கும். பையைத் திறக்கும்போதெல்லாம் அது கேமராமேல் உதிர்ந்தது. ஜிப் வைத்த பைக்கு மாறிவிட்டேன்.

முதலில் வாங்கிய மலிவான பால் ஹெட் எட்டே மாதத்தில் இறுகிக்கொண்டது. உருண்டைக்கும் கிண்ணத்துக்கும் நடுவே மணல் போய், திருகும்போது அம்மியில் அரைப்பதுபோலச் சத்தம். இரண்டாவதுக்குப் பழைய சாக்ஸ் ஒன்றை வெட்டி உறைபோல மாட்டினேன். நான்கு வருடம் தாண்டியும் நன்றாக இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையை எடுத்துக்கொள்வதென்றால் அந்தச் சாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமரா, லென்ஸ் இரண்டையும் ஒற்றி எடுப்பேன். தட்டைக் குழாயடியில் கழுவலாம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஜூன் முதல் லென்ஸ் பூஞ்சைக்குப் பயப்பட வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் பாதிக் கவலை தீரும். படுக்க முதலில் கோரைப்பாய் கொண்டுபோனேன், ஈரத்தை உறிஞ்சிக் கனத்துப் போனது. இப்போது தார்ப்பாய்த் துண்டுக்கு மேல் ஃபோம் விரிப்பு.

திரை மடங்கும் கேமராவுக்கு 2022இல் மாறினேன். கழுத்துக்கு அது பெரிய விடுதலை. வெயில் ஏறிவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான். அந்த நேரத்தில் காற்றும் நெளிவதால் எப்படியும் எழுந்துவிட வேண்டியதுதான்.

இனி கடல். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

படுத்துக் கிடப்பவருக்குக் கடலின் உயரம் தெரியாது. கண்ணும் கவனமும் பறவையிலேயே இருக்கும். 2023 ஏப்ரலில் ராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் ஈர மணலில் கிடந்தேன். காற்றே இல்லை, கடல் அமைதியாகத்தான் தெரிந்தது. வலையைச் சரிசெய்துகொண்டிருந்த வயதான மீனவர் ஒருவர் எழுந்து என்னை நோக்கி வேகமாக வந்தார்.

“லேய் மக்கா, எந்திரி. இங்க கெடக்காத. கடல் இன்னைக்கு ஒரு மாதிரியா கெடக்கு.”

“காத்தே இல்லயே பாட்டா?”

“காத்து இல்லாம ஏறுகதுதான் கள்ளக்கடல். சாமானைத் தூக்கிட்டு மேல வா.”

நான் மேலே ஏறிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. விரிப்பு கிடந்த இடத்தைத் தாண்டி, காய்ந்த மணல்வரை தண்ணீர் ஏறி வந்து போனது. தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் அடிக்கும் புயல்களில் கிளம்பும் நெடிய அலைகள் பல நாள் பயணம் செய்து இங்கே வந்து ஏறுவதுதான் கள்ளக்கடல். அடுத்த வருடம், 2024 மே 6ஆம் தேதி, கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது. அதற்கப்புறம், கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு மையத்தின் எச்சரிக்கையைப் பார்க்காமல் நான் கடற்கரைக்குக் கிளம்புவதில்லை. வந்து இறங்கியதும் கரையில் நின்று கரமடி வலை இழுப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கிறேன். கூட ஒருவர் நின்று கடலைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் ஈர மணலில் படுப்பதில்லை. பொழிமுகத்தின் உள்பக்கம், காயலை ஒட்டிய சேற்றுத்திட்டு, பெரும்பாலான நாட்களில் போதுமானது. மணக்குடியிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் நல்ல படங்கள் அங்கேதான் கிடைத்தன.

பறவையிடம் போகும் விதத்தையும் தட்டு மாற்றியது. நேராகத் தவழ்ந்து போனால் எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் அது உங்களைக் கவனித்துவிடும். மேய்வதை நிறுத்தித் தலையை ஏற்றி இறக்கினால் அங்கேயே நின்றுவிட வேண்டும். நான் செய்வது இது: கூட்டம் கரையோரமாக எந்தத் திசையில் மேய்ந்து வருகிறது என்று பார்த்து, நாற்பது மீட்டர் முன்னால் சுற்றிப்போய்ப் படுத்து, அசையாமல் கிடப்பேன். உப்புக்கொத்தி நாலடி ஓடும், நிற்கும், குத்தும், மறுபடி ஓடும். அப்படியே வந்து லென்ஸ் ஃபோகஸ் பிடிக்க முடியாத அளவுக்கு நெருங்கிய நாட்களும் உண்டு. மார்ச் கடைசியில் திபெத்துப் பக்கம் திரும்பப்போகும் மணல் உப்புக்கொத்திகளின் மார்பில் செங்கல் நிறம் ஏறியிருக்கும். அந்த நாட்களில் ஒவ்வொரு புழுவும் பயணத்துக்கான கொழுப்பு. ஒரு படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது ஆறுவதில்லை.

கோடையில் காய்ந்த மேல்மணலில் தட்டைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுவதும் தங்கி, முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் சின்ன உப்புக்கொத்தியை 2023இல் அனுமன் உப்புக்கொத்தி என்று தனி இனமாகப் பிரித்தார்கள். வெறும் மணலில் குழிபோலக் கீறி முட்டையிடும். முட்டை மணலின் நிறத்திலேயே இருக்கும். ஒரு சாண் உயரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தட்டின் அடியில் போகும்வரை தெரியாது.

தட்டில் இப்போது இரண்டு நெளிவு, அடியில் எண்ண முடியாத கீறல்கள். அலுமினியம் தாங்கிவிட்டது. போல்ட்தான் போய்க்கொண்டிருக்கிறது. எவர்சில்வர் என்று சொல்லிக் கொடுத்தது 304 ரகம், உப்புக்காற்றில் துருப்புள்ளி விட்டு மரை தேய்ந்திருக்கிறது. கடலுக்கு 316 ரகம்தான் சரி. பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன். செப்டம்பரில் முதல் கூட்டம் மணக்குடியில் இறங்குவதற்குள் மாற்றிவிட வேண்டும்.