'பெல்ட் மாத்தியாச்சு' என்று விற்கப்படும் பழைய வாக்மேன்கள்: வாங்கும் முன் கவனம்

"பெல்ட் மாத்தியாச்சு, சர்வீஸ் முடிச்சாச்சு, நல்லாப் பாடுது." பழைய பொருள் விற்கும் கைமாற்றுச் செயலியில் இப்படிச் சொல்லி 280 சிங்கப்பூர் வெள்ளிக்கு விற்கப்பட்ட 1980களின் சோனி வாக்மேன் ஒன்று, வாங்கியவர் வீட்டில் இரண்டாம் நாளே கேசட்டைச் சுருட்டி மென்றுவிட்டது. கேட்டால் விற்றவரிடமிருந்து பதில் இல்லை. மெல்லப்பட்டது, ஊரிலிருந்து பாட்டி பேசிப் பதிந்து அனுப்பிய கேசட். அதற்கு வேறு பிரதி கிடையாது. 280 வெள்ளியை மறந்துவிடலாம், அதை எப்படி மறப்பது?

பின்மூடியைக் கழற்றினால் காரணம் தெரிந்தது. மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் ரப்பர் பெல்ட் புதிதுதான், அளவு தவறு. பல அளவுகள் கலந்து வரும் மலிவுப் பொட்டலத்திலிருந்து ஏறக்குறையப் பொருந்தியதை மாட்டியிருக்கிறார்கள். பழைய பெல்ட் நம்மூர்ப் புழுக்கத்தில் தார்போல் உருகி மோட்டார் புல்லியில், அதாவது பெல்ட் ஓடும் சிறு சக்கரத்தில், ஒட்டியிருந்தது. 99 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் அதைத் துடைத்தெடுக்காமல் மேலேயே புது பெல்ட்டைப் போட்டதால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குலுங்கல், பாட்டு அலைகிறது. தளர்ந்த பெல்ட் வழுக்கி வேகம் குறைந்ததை மறைக்க, வேகத் திருகைத் திருகி ஏற்றியிருக்கிறார்கள்.

கேசட்டை மென்றதற்குக் காரணம் வேறு. நாடாவை இழுத்துத் தள்ளும் பிஞ்ச் ரோலர் கெட்டிப்பட்டுப் பளபளத்தது. நாடாவைச் சுற்றிக்கொள்ளும் பக்கத்து ரப்பர் சக்கரமும் தேய்ந்திருந்தது. இரண்டையும் யாரும் தொடவே இல்லை. ஒரு பக்கம் முடியும் தறுவாயில் சுற்றும் ரீல் பருத்துவிடுவதால், அதைத் திருப்ப அதிக விசை வேண்டும். ரப்பர் அங்கேதான் தோற்கும்: ரீல் நிற்கும், ரோலர் மட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும், நாடா உள்ளே சுருளும். விற்கிறவர்கள் கேசட்டின் தொடக்கத்தை மட்டும் போட்டுக் காட்டுவதால் இந்தக் கோளாறு வெளியே தெரிவதில்லை.

எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் அரை நிமிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். அந்தச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. அமைதியான அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்துக்கு வரச் சொல்லுங்கள். போனால் பரவாயில்லை என்கிற ஒரு சி-60 (60 நிமிட) கேசட், புது பேட்டரி, சொந்த இயர்போன், சின்ன டார்ச் எடுத்துப் போங்கள். ஒரு பக்கத்தின் கடைசி ஐந்து நிமிடத்தைக் கட்டாயம் ஓட விடுங்கள். கேசட்டில் உள்ள அதே பாட்டைக் கைபேசியிலும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். மூன்று நிமிடத்தில் 1.8 விநாடி விலகினால் வேகப் பிழை 1 சதவீதம். 5 விநாடிக்கு மேல் விலகினால் வாங்காதீர்கள். 3000 ஹெர்ட்ஸ் சீரான ஒலி பதிந்த சோதனைக் கேசட் இருந்தால் இன்னும் துல்லியம். ஒரு காதில் மட்டும் ஒலி மங்கினால், மின்தேக்கி கசிந்து பலகையை அரித்திருக்கலாம். பேட்டரித் தகட்டில் புதிதாக உரசிய தடம் தெரிந்தால், பழைய கசிவைச் சுரண்டி மறைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். பூச்சு போன உலோகம் மறுபடி பாசி பிடிக்கும். சோனியின் டபிள்யூஎம்-டிடி மாடல் வரிசையில் 'டிக் டிக்' சத்தம் வந்தால் நடுப் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கும்.

ரோலெக்ஸ் வாங்குகிறவர் டயல் மாற்றப்பட்டதா, கேஸை பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்களா, வரிசை எண் சரிதானா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். அதே மனிதர் வாக்மேனைக் கீறல் இல்லையே என்று வாங்கிவிடுகிறார். 1979 ஜூலையில் வந்த முதல் மாடலான டிபிஎஸ்-எல்2 இன்று அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் பொருளாகிவிட்டதும் இதற்கு ஒரு காரணம். வெளிப்பளபளப்பு விலையை ஏற்றும், உள்ளே இருக்கும் ரப்பரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

விற்றவர் கடைக்காரர் என்றால், சிங்கப்பூரில் 2012 முதல் நடப்பில் உள்ள குறைபொருள் சட்டம் (லெமன் லா) கைமாற்றுப் பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். தனிநபருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் 'சர்வீஸ் முடிச்சாச்சு' என்ற பொய் வாக்கை வைத்துச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வரம்பு 20,000 வெள்ளி, காலம் இரண்டு ஆண்டு. விளம்பரத்தையும் உரையாடலையும் அன்றே படமெடுத்து வையுங்கள், பிறகு அழித்துவிடுவார்கள்.

உள்ளே சிக்கிக்கொண்ட நாடாவை வெளியே இழுக்காதீர்கள். பேட்டரியை எடுத்துவிட்டு, பிஞ்ச் ரோலரை விரலால் மெல்ல எதிர்ப்பக்கம் உருட்டி விடுவியுங்கள். திருகு வைத்த கேசட் என்றால் ஐந்து திருகுகளையும் கழற்றி, ரீல்களை அப்படியே வேறொரு நல்ல கேசட் கூட்டுக்கு மாற்றலாம். அறுந்திருந்தால் நாடா ஒட்டுவதற்கென்றே விற்கும் ஒட்டுப்பட்டைதான் வேண்டும். சாதாரண செலோடேப்பின் பசை கசிந்து பக்கத்துச் சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். பாட்டியின் கேசட்டை இப்படித்தான் மீட்டு, வேறொரு நல்ல டெக்கில் ஒரே தடவை ஓட்டிக் கணினியில் பதிந்தாயிற்று. கசங்கிய இடத்தில் மட்டும் குரல் சில விநாடி மங்குகிறது.