“4 பரப்பு, உறுதிக் காணி”: பரந்தன் பக்கம் வீடு தேடுபவர்களுக்கு

கிளிநொச்சியில் பரந்தன், கண்டாவளைப் பக்கம் வீட்டோடு காணி தேடுகிறவர்கள் முற்பணம் கொடுக்க முதல் இதை ஒருக்கால் வாசியுங்கள்.

நாங்கள் இணையத்தில் பார்த்து வாங்கிய வீட்டின் விளம்பரம் இதுதான் (பரப்பு எங்கள் பக்கத்துக் காணி அளவு): “4 பரப்பு உறுதிக் காணி. 1,200 சதுர அடி புது வீடு. நல்ல தண்ணீர்க் கிணறு. வெள்ளம் வராது.” இதில் சரியாக இருந்தது தண்ணீர் ஒன்றுதான். அதுவும் எங்கள் காணிக்குள் இல்லை.

வன்னியில் காணி என்றதும் எல்லாரும் கேட்பது, உறுதியா (சொந்த உரிமைப் பத்திரம்) பேமிற்றா (அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரம்) என்றுதான். குடியேற்றத் திட்டங்களில் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேமிற் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் செல்லாது. அதனால் உறுதிக் காணி என்று கேட்டவுடனே பாதிப் பயம் போய்விடுகிறது. எங்கள் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) பார்த்தார், உரித்தில் ஒரு வில்லங்கமும் இல்லை. உறுதி நல்ல உறுதிதான், ஆனால் மூன்று பரப்புக்கு.

மற்றப் பரப்பு எங்கே என்று அப்போதே கேட்டோம். “அது பிறகு வாங்கிச் சேர்த்த துண்டு தம்பி. அதுக்கு வேறை உறுதி கிடக்கு, கொழும்பில அவரின்ர தம்பியாரிட்ட. வாற கிழமை வந்திடும்” என்றார் தரகர். விற்றவரும் பக்கத்தில் இருந்து தலையாட்டினார். சுற்றிவர ஒரே வேலி. அறுதி (முழு விற்பனை உறுதி) எழுதி, நாலு பரப்புக்கான காசை வாங்கிக்கொண்டு அவர் கனடாவுக்குப் போய்விட்டார். அந்த இரண்டாவது உறுதி இன்றுவரை வரவில்லை. அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

மதில் கட்டுவதற்காகச் சேவயரை (நில அளவையாளரை) கூப்பிட்டோம். பழைய வரைபடத்தை வைத்து அளந்துகொண்டு வந்தவர், பின்வேலிக்குப் போகாமல் நடுவளவில் நின்று, மனைவி போட்டிருந்த கத்தரிப் பாத்திக்குள் சிவப்புப் பூசிய கட்டையை அடித்தார். “அண்ணை, உங்கட எல்லை இதோட சரி. அங்கால வாய்க்கால் ஒதுக்கு.” கிணறு கட்டைக்கு அங்கால் நின்றது. தண்ணீர்த் தாங்கியும் மோட்டர் அறையும்கூட. அரசாங்கத்தின் வாய்க்கால் ஒதுக்கை எப்போதோ ஒருவர் வேலிக்குள் எடுத்திருக்கிறார், அதை எங்களிடம் விற்றிருக்கிறார்கள்.

வீட்டையும் அளந்து பார்த்தோம். முன்பக்கம், போருக்குப் பிறகு இந்திய உதவியில் கட்டிய 550 சதுர அடி இந்திய வீட்டுத்திட்ட வீடு. அதை எங்கள் ஆட்களுக்குத் தூரத்தில் கண்டாலே தெரியும், ஆனால் இங்கே புதுப் பத்தியும் (தாழ்வாரமும்) ஓடும் போட்டு முகத்தையே மாற்றியிருந்தார்கள். பின்னால் இழுத்துக் கட்டிய குசினியோடு சேர்த்தாலும் 800ஐத் தாண்டவில்லை. மிச்சம் பத்தியும், தகரம் போட்ட வாகனக் கொட்டிலும்.

வெள்ளத்தைப் பற்றிச் சொன்னவர் பக்கத்து வளவு ஆச்சி. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது இந்த அறைக்குள் நின்ற தண்ணீரை, சுவரில் தன் இடுப்பளவுக்குக் கையை வைத்துக் காட்டினார். அலுமாரியை நகர்த்திப் பார்த்தால் அதற்குப் பின்னால் பெயின்ற் அடிக்காமல் விட்ட இடத்தில் மண்ணிறக் கோடு அப்படியே கிடக்கிறது. அவ்வளவு சுவருக்கும் அடித்தவர்கள் அதை மட்டும் ஏன் விட்டார்களோ!

தரகரிடம் போனால், “விளம்பரத்தில வேலி அளவைத்தானே போட்டது” என்கிறார். பொலிஸில் இது சிவில் விஷயம் என்றார்கள். சட்டத்தரணி எடுத்துச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கசப்பு. காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் நடந்தால்தான் செல்லும் என்பது 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. இணையத்தில் வந்த விளம்பரம் ஒரு பரப்பு நிலத்தைத் தராது. காசைத் திருப்பிக் கேட்க வேண்டுமானால் ஏமாற்றியதற்குச் சான்றாகக் காட்டலாம், அவ்வளவுதான். நல்லகாலம், விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்திருந்தோம். சேவயர் வந்து போன பிறகு விளம்பரத்தில் “4 பரப்பு” என்பது “4 பரப்பு (ஏறக்குறைய)” ஆகிவிட்டது. வீடு விற்றுப்போன பிறகும் அதை எடுக்கவில்லை. போட்டவர்தான் எடுக்க வேண்டுமாம். வீடு பார்க்க வந்தோம் என்று படலையில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள், நாய்க்கும் குரைத்துக் களைத்துவிட்டது.

விஷயம் இப்போது மத்தியஸ்த சபையில். விற்றவரின் அற்றோணித் தத்துவக்காரர் (அவர் சார்பில் செயற்படுபவர்) அடுத்த தவணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு பரப்பின் விலையும் புதுக் கிணறு வெட்டும் செலவும் கேட்டிருக்கிறோம். இதற்கிடையில் அதே தரகர் தருமபுரம் பக்கம் காணி காட்டிக்கொண்டு திரிகிறாராம். யார் காட்டினாலும் அறுதி எழுத முதல் உங்கள் செலவில் ஒரு சேவயரைக் கூட்டிப்போய்க் கட்டை அடித்துப் பாருங்கள். கிணறு எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேளுங்கள். வேறை உறுதி வரும் என்றால், அது வந்து பதிவகத்தில் சரிபார்க்கும்வரை அந்தத் துண்டுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.