4,999 ரூபாய்க்கு சொந்த வெப்சைட்டுன்னு யாராவது கூப்பிட்டா, காசு குடுக்கறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

நான் திருச்சி. வீட்டு மாடில தோட்டம் வெச்சிருக்கேன், அத பத்தி எழுத சொந்தமா ஒரு பிளாக் இருந்தா நல்லாருக்கும்னு ஆசப்பட்டு போன வருஷம் ஒரு ரெண்டு நாள் வகுப்புல சேந்தேன். அந்த இடத்தோட பேர போடல, இன்பாக்ஸ்ல கேட்டாலும் சொல்ல மாட்டேன், புகார் ஒண்ணு குடுத்திருக்கேன் அது முடியட்டும்.

சனி ஞாயிறு ரெண்டே நாள், 4,999 ரூபாய், டொமைன் (சைட்டோட அட்ரஸ்), ஹோஸ்டிங் (சைட்ட வெச்சிருக்கற இடம்), பிரீமியம் தீம் (ரெடிமேட் டிசைன்) எல்லாம் சேத்து, "வீட்டுக்குப் போகும்போது உங்க பேர்ல வெப்சைட்டோட போவீங்கம்மா"ன்னு சொன்னாங்க. போனதும் மேல 1,500 கேட்டாங்க, எதுக்குன்னா அட்ரஸ் பக்கத்துல பூட்டு படம் வரணுமாம், அதுக்கு எஸ்எஸ்எல்னு ஒரு பாதுகாப்புச் சான்று. லெட்ஸ் என்கிரிப்ட்னு ஒண்ணு இத பல வருஷமா ஓசிலயே குடுக்குதுன்னு எனக்கு அப்ப தெரியாது, ஜிபே பண்ணிட்டேன். அவங்க சைட் கட்டின வேர்ட்பிரஸ்ங்கற சாஃப்ட்வேர் கூட 2003லேருந்தே இலவசம்தான். ஆக நான் காசு குடுத்ததுல உண்மையாவே காசு ஆகற விஷயம் டொமைனும் ஹோஸ்டிங்கும் மட்டும்தான், அந்த டொமைன்லதான் வெச்சாங்க ஆப்பு.

வகுப்புல நாங்க 11 பேர். சார் பெரிய ஸ்கிரீன்ல கிளிக் பண்ணுவாரு நாங்க பாப்போம், கலர் மாத்தறது, மெனு வைக்கிறது, படத்த இழுத்து விடறது, அவ்ளோதான். தமிழ்ல தலைப்பு வெச்சா கீ, தீ மாதிரி எழுத்தோட மேல் சுழி வெட்டுப்படுது சார்னு கேட்டேன், அது உங்க லேப்டாப் பிரச்சனைம்மான்னாரு. இல்ல, தீம்ல வரிக்கு வரி இடைவெளிய இங்கிலீஷுக்கு ஏத்த மாதிரி இறுக்கி வெச்சிருந்தாங்க, பக்கத்தோட தோற்றத்த சொல்ற சிஎஸ்எஸ் கோடுல ஒரே ஒரு எண்ண மாத்தினா சரியாயிடும், இப்ப நானே பண்றேன். தமிழ்ல தலைப்பு வெச்சா லிங்க்கும் தமிழ்லயே உருவாகி, வாட்ஸப்ல ஷேர் பண்ணும்போது சதவீதக் குறியும் எண்ணுமா அனுமார் வால் மாதிரி நீளும், அதனால லிங்க்க மட்டும் இங்கிலீஷ்ல அடிக்கணும். இதெல்லாம் ஒரு வார்த்த சொல்லித் தரல. கொஞ்சம் துருவிக் கேட்டா "அதெல்லாம் அட்வான்ஸ் கோர்ஸ்"னு ஒரு சிரிப்பு.

சரி போனாப் போகுதுன்னு எழுத ஆரம்பிச்சேன். தேங்கா நார் கழுவறதுலேருந்து கத்திரில மாவுப்பூச்சி வந்து நான் பட்ட பாடு வரைக்கும் 63 பதிவு. ஆடிப் பட்டத்துக்கு விதை குடுக்கும்போது பாக்கெட் மேல ஒட்ட வெப்சைட் அட்ரஸோட 200 ஸ்டிக்கர் வேற அடிச்சேன், அவ்ளோ பெருமை எனக்கு.

ஒரு நாள் ராத்திரி சென்னைலேருந்து என் நாத்தனார் போன் பண்ணி, "அண்ணி, கூகுள்ல தேடி உங்க தோட்டத்த தொறந்தா ரம்மி ஆடுங்கன்னு வருதே, என்ன அண்ணி இது"ன்னா. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. உடனே லேப்டாப்ப தொறந்து பாத்தேன், என் செம்பருத்திப் பூ அப்பிடியே இருக்கு, ரம்மியும் இல்ல ஒண்ணும் இல்ல. நீ வேற எதையோ தட்டியிருப்பன்னு அவளையே திட்டினேன், பாவம். சாரும் அதையேதான் சொன்னாரு, பாக்கறவங்க போன்ல வைரஸ் இருக்கும்னு.

என் அண்ணன் பையன் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கிறான், அவன் வந்துதான் புரிய வெச்சான். லாகின் பண்ணி இருக்கறவங்களுக்குக் காட்டாது, நேரா அட்ரஸ் அடிச்சு வர்றவங்களுக்கும் காட்டாது, கூகுள்லேருந்து செல்போன்ல வர்றவங்கள மட்டும் வேற சைட்டுக்குத் தள்ளி விடற மாதிரி எழுதியிருப்பாங்களாம், ஓனருக்குத் தெரியாம இருக்கணும்ல. என் போன்ல லாகின் இல்லாம கூகுள் வழியா தொறந்து காட்டினான், நானே பாத்தேன், என் தோட்டம் ஒரு நொடி வந்துட்டு ரம்மிக்குத் தாவுது. அந்த தீம் காசு குடுத்து வாங்கற தீம், பொதுவா ஒரு லைசென்ஸ் ஒரு சைட்டுக்குத்தான், லைசென்ஸ் கேளுங்க அத்தைன்னான். கேட்டா சார் கூலா சொல்றாரு, "லைசென்ஸ்லாம் தேவையில்லம்மா, 11 பேருக்கும் ஒரே ஃபைல்தான் போட்டுருக்கோம்". அதாவது திருட்டு காப்பி, நல்டு தீம்னு சொல்றாங்க, இந்த மாதிரி வேண்டாத கோடு அதுல ஒளிஞ்சுட்டுதான் வருமாம்.

சரி தீம மாத்திடுவோம்னு உள்ள போனா தோற்றம், பிளகின் (கூடுதல் வசதி) எந்த மெனுவுமே எனக்கு வரல. எனக்குக் குடுத்திருந்தது எடிட்டர் அக்கவுண்ட்டாம், முழு அதிகாரம் இருக்கற அட்மின் சாரு. எழுதலாம் திருத்தலாம், அதோட சரி. டூல்ஸ்ல எக்ஸ்போர்ட் கூட வராது, நான் எழுதினத நானே மொத்தமா எடுக்க முடியாது!

அப்ப பையன் ஒரு கேள்வி கேட்டான். "அத்தை, டொமைன் வாங்கினப்ப மெயில் ஐடிய வெரிஃபை பண்ணுங்கன்னு உங்களுக்கு மெயில் வந்துச்சா?" வரல. யார் பேர்ல டொமைன் பதியறாங்களோ அவங்க மெயிலையோ போனையோ 15 நாளுக்குள்ள சரிபாக்கணும்னு டொமைனுக்கெல்லாம் விதி போடற ஐகேன் அமைப்போட விதி இருக்கு, அதுக்குத்தான் பெரும்பாலும் அந்த மெயில் வரும். எனக்கு வரலன்னா வேற யாருக்கோ போயிருக்கு. டொமைன் யாரோடதுன்னு காட்டற ஹூயிஸ்ல பாக்கலாமேன்னு சொல்லாதீங்க, இப்பல்லாம் அதுல பேர மறைச்சுத்தான் வெச்சிருக்காங்க, பாத்தோம், ஒண்ணும் தெரியல. சார கேட்டா டொமைன் கம்பெனி அக்கவுண்ட்லதான் இருக்கு, ரினியூவல் 12,000, மாத்திக் குடுக்கணும்னா தனியா 8,000னு ஒரே மூச்சுல சொல்றாரு. டொமைன வேற கம்பெனிக்கு மாத்தற கோடு கேட்டா 5 நாளுக்குள்ள குடுக்கணும்னு விதி இருக்குதான், ஆனா அது டொமைன் யார் பேர்ல இருக்கோ அவங்க கேட்டாத்தான். பேரே அவரோடது, நான் யாரு கேக்க? வீடு கட்டினது நான், பட்டா அவர் பேர்ல.

அந்தக் காச நான் குடுக்கல. நாலு ராத்திரி உக்காந்து 63 பதிவையும் ஒவ்வொண்ணா தொறந்து காப்பி எடுத்தேன், மணிக்கட்டு வீங்கிப் போச்சு. இப்ப கூகுளோட இலவச பிளாக்கர்ல இருக்கேன், ஹோஸ்டிங் செலவே இல்ல, டொமைன் மட்டும் என் மெயில்ல என் கார்டுல வாங்கி, டொமைன இணைக்கறதுக்கு பிளாக்கர் கேக்கற ரெண்டு சிநேம் வரிய டொமைன் செட்டிங்ஸ்ல போட்டேன், பையன் போன்ல சொல்லச் சொல்ல நானேதான் பண்ணேன், முக்கால் மணி நேரம் ஆச்சு. வேர்ட்பிரஸ் மோசம்னு சொல்லல, நல்ல தீம் ஓசிலயே கிடைக்குது, எனக்கு இப்ப தெம்பு இல்ல, அவ்ளோதான்.

யார்கிட்டயாவது செய்யக் குடுத்தீங்கன்னா காசு கை மாறும்போதே டொமைன் அக்கவுண்ட்ட உங்க மெயில்ல தொறக்கச் சொல்லுங்க, அட்மின் பாஸ்வேர்ட வாங்கி அங்கயே உக்காந்து மாத்துங்க, யூசர்ஸ்ல உங்க பேருக்கு நேரா அட்மினிஸ்ட்ரேட்டர்னு இருக்கான்னு பாருங்க. மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டாங்கன்னா எந்திரிச்சு வந்துருங்க. பில்லும் கேளுங்க. நான் கேக்கல, 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் குடுக்கும்போது என்கிட்ட இருந்தது ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸப் சாட்டும்தான். அதையே வெச்சுப் பதிஞ்சிருக்கேன், அவங்க பக்கத்துலேருந்து இன்னும் பதில் இல்ல. வகுப்பு குரூப்புல இத சொன்னதுக்கு என்னைய தூக்கிட்டாங்க, அந்த 11 பேர்ல யாராவது இத பாத்தா முதல்ல உங்க சைட்ட வேற ஆளு போன்ல கூகுள் வழியா தொறந்து பாருங்க.

ஸ்டிக்கர் ஒட்டின விதை பாக்கெட் இன்னும் 140 கிட்ட இருக்கு, மார்க்கரால அட்ரஸ அடிச்சு அடிச்சுத்தான் குடுத்துட்டிருக்கேன். ஏற்கனவே என்கிட்ட வெண்டை, கொத்தவரை வாங்கினவங்க தயவுசெஞ்சு பாக்கெட் மேல இருக்கற அட்ரஸ தட்டாதீங்க. விதை நல்ல விதைதான், அத போடுங்க.