கொழிஞ்சாம்பாறை ஃப்ளெக்ஸ் கடை: பிரிண்ட் அருமை, முகத்தில் மட்டும் கை வைக்க விடாதீர்கள்

எல்லோரும் முதலில் கேட்பது விலையைத்தான், அதனால் அதையே முதலில் சொல்கிறேன். காட்டன் துணியில் சதுர அடிக்கு 28 ரூபாய். எட்டுக்கு ஆறு போர்டு அடித்தால் 1344. ஓரம் மடித்து ரிங் அடிப்பது அதிலேயே அடக்கம். மரச்சட்டம் வேண்டுமென்றால் பக்கத்திலுள்ள ஆசாரியிடம் அனுப்புவார்கள், அது தனிக் காசு. டிசைனுக்கு எதுவும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். காரணம் பின்னால் வருகிறது.

கடை, பாலக்காடு மாவட்டத்து எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில், ஒரு மொபைல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. பெயரைச் சொல்லலாம் என்றால் முடியவில்லை. ஊருக்கெல்லாம் போர்டு அடிக்கிறவர்களின் சொந்தப் போர்டு வெயிலில் வெளுத்து, பெயர் இருந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூ மட்டும் மிச்சம் இருக்கிறது. படி செங்குத்து. முழங்கால் வலிக்காரர்கள் கீழே நின்று கூப்பிட்டால் பையன் இறங்கி வருவான்.

தமிழ்நாட்டுப் பக்கம் போய் அடித்தால் பாதி விலைதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கிடைப்பது பிவிசி ஃப்ளெக்ஸ். கேரளாவில் அதற்கு 2019-லிருந்து தடை. அனுமதி இல்லாமல் ரோட்டில் கட்டினால் ஒரு போர்டுக்கு 5000 ரூபாய் அபராதம் என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு பஞ்சாயத்துக்காரர்களும் சும்மா விடுவதில்லை. எங்கள் தெருவில் ஒரு கல்யாண போர்டை, மாப்பிள்ளை ஊர் வந்து சேர்வதற்குள் கழற்றிக்கொண்டு போனார்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் லாரியில் அடிபட்டு இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் போர்டை வீட்டுக் காம்பவுண்டுக்குள்தான் கட்டினோம்.

துணியில் அடித்தால் மங்கலாக இருக்கும் என்ற பயம் வேண்டாம். இவர்கள் மெஷினில் கறுப்பு கறுப்பாகவே வருகிறது. மாவிலை பச்சை, குத்துவிளக்கு மஞ்சள் எல்லாம் சரியாக விழுந்திருந்தது. தமிழும் சுத்தம். போர்டில் வந்த 'ஆயிரம் பிறை' என்ற சொல்லில் வல்லின 'ற' போட நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பாலக்காட்டில் ஒரு கடையில் முன்பு 'திருமன விழா' என்று அடித்துக் கொடுத்தார்கள், அதோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம்.

போர்டு எங்கள் அப்பாவின் ஆயிரம் பிறை விழாவுக்கு. அப்பா மேனோன்பாறை சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, மூக்கோரம் ஒரு மரு, தலை முழுக்க வெள்ளை. என் மகன் தென்னந்தோப்பில் எடுத்த படத்தைக் கொடுத்தோம். டிசைனர் பையன் இருபது நிமிஷத்தில் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான். திரையில் யாரோ ஒரு ரியல் எஸ்டேட் அதிபர் சிரித்துக்கொண்டிருந்தார். முடி கருகரு. கழுத்தில் ஒரு மடிப்பு இல்லை. தழும்பு போச்சு, மரு போச்சு. கன்னத்தில் ரோஸ் நிறம் வேறு.

"யாரு தம்பி இது?"

"அப்பா தான் டீச்சர். கொஞ்சம் ஸ்மூத் பண்ணியிருக்கேன். எல்லாருக்கும் செய்யறதுதான். கட்சிக்காரங்க கேக்கறதே இதைத்தான்."

எண்பது வயது ஆனதற்காக எடுக்கிற விழாவில் ஐம்பது வயதுக்காரரை நிற்க வைத்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். அவனுக்கு அது புதுக் கேள்வி. தான் தப்பு எதுவும் செய்யவில்லை என்று காட்டுவதற்காக 'தலைவர்கள்' என்ற ஃபோல்டரைத் திறந்து காட்டினான். இந்தக் கடைக்கு நான் ஒரு ஸ்டார் அதிகம் கொடுப்பதும் ஒன்றைக் குறைப்பதும் அந்த ஃபோல்டரால்தான்.

எல்லைக் கடை என்பதால் இரண்டு மாநிலத் தலைவர்களும் உள்ளே இருக்கிறார்கள். கட்சிக்கு ஒரு ஃபோல்டர், ஆளுக்கு நாலைந்து படம், எல்லாமே பின்னணி வெட்டி எடுத்தவை. கை கூப்பினது, கை அசைப்பது, விரல் நீட்டுவது, சிரிப்பது. ஒருவருக்கும் கண்ணுக்குக் கீழே பை இல்லை. சிலரைப் பார்த்தால் டிவியில் வருகிறவருக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. புதுப் படம் இல்லையா என்றால், இருக்கிறதாம், யாரும் கேட்பதில்லையாம். 2023-ல் நவ கேரள சதஸ் என்ற மக்கள் சந்திப்புக்காக கேரள மந்திரிசபை மொத்தமும் ஒரே பஸ்ஸில் ஏறி மஞ்சேஸ்வரத்திலிருந்து கிளம்பியபோது, இந்தப் பக்கம் வருகிற வாரத்தில் ராத்திரி பகலாக மெஷின் ஓடியது என்றான். அப்போதும் பழைய படங்கள்தான்.

எனக்குப் பின்னால் பெஞ்சில் ஒரு கட்சிக்காரர் காத்திருந்தார். எந்தக் கட்சி, எந்த மாநிலம் என்று சொல்லப் போவதில்லை. அவருக்குத் தலைவர் முகம் மூன்று அடி, மாவட்டம் இரண்டு அடி, தன் முகம் ஒன்றே முக்கால் அடி. இதில் கால் அடி பிசகினாலும் கூட்டத்தில் பிரச்சினை வருமாம். பையன் புதுப் படம் ஒன்றைக் காட்டியதும் பதறிவிட்டார்.

"இது வேண்டாம் தம்பி, பழசையே போடு. இதில அய்யா ரொம்பத் தளர்ந்து தெரியறாரு."

"இப்போ மேடையில எவ்வளவு நேரம் பேசுறார் அண்ணா?" என்று நான் கேட்டேன்.

"பேச்சு எதுக்கு டீச்சர்? வந்து கை காட்டுவாரு. சனத்துக்கு அது போதும்."

சனத்துக்கு அது போதாது என்பது என் அபிப்பிராயம். இந்த எல்லையில் இருப்பவர்களுக்கு இதைப் பற்றிப் பேச ஒரு தனித் தகுதியும் உண்டு. 2006 மே 13 அன்று கலைஞர் ஐந்தாவது தடவை முதல்வரானார். வயது 81. ஐந்து நாள் கழித்து, மே 18 அன்று வி.எஸ். அச்சுதானந்தன் கேரள முதல்வர். வயது 82. அடுத்த ஐந்து வருஷம், எல்லையிலுள்ள வாளையாருக்கு அந்தப் பக்கமும் எண்பது தாண்டியவர், இந்தப் பக்கமும் எண்பது தாண்டியவர். முல்லைப் பெரியாறு சண்டையும் அவர்களுக்குள்தான் ஓடியது. இரண்டு பேரில் யாரையும் 'வயதாகிவிட்டது, ஒன்றும் தெரியாது' என்று ஒதுக்க எங்களுக்குத் தைரியம் வந்ததில்லை. அவர்கள் பேசினார்கள் என்பதுதான் காரணம். கலைஞருக்கு 2009-ல் முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது, அப்புறம் சக்கர நாற்காலி. அதில் உட்கார்ந்துகொண்டே மேடைக்கு வந்தார், பதில் சொன்னார், கிண்டல் அடித்தார். போர்டுக்காரர்கள் மட்டும் அவரை எப்போதும் நிற்க வைத்தார்கள். எல்லையிலுள்ள கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆளுயரத்துக்கு மேல் நின்று கை காட்டுவார். நாற்காலியில் இருந்த மனிதர் போர்டில் நின்ற மனிதரைவிட எத்தனையோ சுவாரசியமானவர் என்பது எந்த டிசைனருக்கும் தோன்றவில்லை.

வி.எஸ். எங்கள் பக்கத்துத் தொகுதிக்காரராக இருந்தவர், மலம்புழா. 2011 பிரசாரத்தில் ராகுல் காந்தி வந்து, இடதுசாரிகள் திரும்ப ஜெயித்தால் ஆட்சி முடியும்போது உங்களுக்கு 93 வயதில் ஒரு முதல்வர் இருப்பார் என்றார். கிழவர் விடவில்லை. அவரை 'அமுல் பேபி' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார், கேரளா முழுக்கச் சிரித்தது. இடதுசாரிகள் 68 இடம் வாங்கி, 72 வாங்கிய காங்கிரஸ் கூட்டணியிடம் ஆட்சியை விட்டார்கள் என்பது வேறு கதை. என்னைக் கேட்டால் ராகுல் கேட்டதில் தப்பே இல்லை. முதல்வர் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் நாம், கேட்கத்தான் வேண்டும். கேட்டவுடன் சுடச்சுட பதில் வந்ததே, அதுதான் மருத்துவச் சான்றிதழ். எந்த போர்டும் அதைக் கொடுக்காது.

போர்டு மட்டும் பேசி, ஆள் பேசாத காலத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். 1984-ல் எம்.ஜி.ஆர். நியூயார்க் புரூக்ளினில் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த காட்சிகளைப் படமாக்கி ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். திரும்பி வந்தபோது பேச்சு பழையபடி இல்லை, ஆனால் தொப்பியும் கண்ணாடியும் போர்டில் அப்படியே இருந்தன. 2016 செப்டம்பர் 22-லிருந்து டிசம்பர் 5 வரை ஜெயலலிதா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அதுகூட இல்லை. வெளியே பால்குடம், மண்சோறு, யாகம் என்று அமர்க்களம். உள்ளிருந்து ஒரு படமும் வரவில்லை. அக்டோபரில் ஆளுநர் அவருடைய இலாகாக்களை ஓ. பன்னீர்செல்வத்துக்கு மாற்றினார், முதல்வராக ஜெயலலிதாவே தொடர்ந்தார். திருப்பரங்குன்றம் இடைத்தேர்தலில் அவர் கட்சி வேட்பாளருக்கான படிவத்தில் அவருடைய கையெழுத்துக்குப் பதில் கைரேகை இருந்தது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருப்பரங்குன்றம் வெற்றி செல்லாது என்று சொன்னபோது, ஜெயித்தவரும் உயிரோடு இல்லை. இவர்களில் ஜெயலலிதாவுக்கு அப்போது வயது 68 என்பதைக் கவனியுங்கள். வயதைக் காட்டிலும், ஃபைலைப் படிப்பது யார், முடிவெடுப்பது யார் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

சிபிஎம் தன் கமிட்டிகளுக்கு 75 வயது வரம்பு வைத்தது. 2022 கண்ணூர் மாநாட்டிலும் 2025 மதுரை மாநாட்டிலும் பினராயி விஜயனுக்கு விலக்கு கொடுத்தது. வரம்பு நல்லதா விலக்கு நல்லதா என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் இன்னும் முடிவாகவில்லை. குறைந்தபட்சம் ஒரு வரம்பு இருந்தது, விலக்கு பகிரங்கமாகக் கொடுக்கப்பட்டது. நம் அரசியல் சட்டத்தில் சட்டசபைக்கு நிற்க 25 வயது ஆகியிருக்க வேண்டும், மேல் வரம்பு கிடையாது. அமெரிக்காவில் முடியாத ஜனாதிபதியை ஒதுக்கி வைக்க 25-ஆவது திருத்தத்தில் நான்காம் பிரிவு இருக்கிறது, அதை ஒரு தடவைகூட யாரும் பயன்படுத்தியதில்லை. அங்கே வேலையை முடித்தது ஒரு டிவி விவாதம். 2024 ஜூன் 27 அன்று 81 வயது பைடன் கையில் குறிப்புச் சீட்டு இல்லாமல் தொண்ணூறு நிமிஷம் நின்றார், வார்த்தை தடுமாறியதை உலகமே பார்த்தது. ஒரு மாதம் ஆவதற்குள் போட்டியிலிருந்து விலகினார். அவருக்கு அடுத்து வந்த டிரம்ப், பதவி ஏற்கும்போது அதுவரை யாரையும்விட வயதானவர். 2025 ஜூன் 14, ராணுவத்துக்கு 250 வருஷம் ஆனதற்காக வாஷிங்டன் ரோட்டில் டாங்கிகள் ஓடின. அன்றே அவருக்கு 79-ஆவது பிறந்த நாள். டாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஃப்ளெக்ஸ் கடை தேவையில்லை போல.

சரி, போர்டுக்கு வருவோம்.

பையனிடம் அப்பாவின் தழும்பையும் மருவையும் திருப்பி வைக்கச் சொன்னேன். முகம் சுளிக்கவில்லை, அதற்கு ஒரு பாராட்டு. மூலப் படத்தைத் தனியாக வைத்திருந்ததால் முகம் அப்படியே வந்துவிட்டது. வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றினான், அது தேவைதான். ஆனால் இரண்டாவது ப்ரூஃபில் முடிக்கு மறுபடியும் லேசாகக் கறுப்பு ஏறியிருந்தது. கை பழகிவிட்டது, பாவம். அதையும் சொல்லி எடுக்க வைத்தேன். சொன்ன நாளில் சாயங்காலம் கிடைத்தது. நடுவில் ஒரு மழை பெய்தும் சாயம் ஓடவில்லை.

நாலு ஸ்டார். ஒன்று குறைத்தது, கேட்காமலே ஆளின் வயதைக் குறைப்பதற்கு.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் பெரிதாக்கும்போது உடையும். மேட்டரைக் கையால் எழுதிக் கொடுங்கள், அதிலேயே 'முகத்தில் எதையும் மாற்ற வேண்டாம்' என்று சேர்த்துவிடுங்கள். ஜிபே உண்டு, பாதி அட்வான்ஸ். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைதான் திறந்திருக்கும். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் இந்தப் படியே ஏறாதீர்கள். அச்சடித்தவர் பெயர், வெளியிட்டவர் பெயர் என்று சட்டப்படி போட வேண்டிய வரிக்கு இடம் ஒதுக்குவதிலேயே அவர்களுக்குப் பாதி நாள் போய்விடுகிறது, மீதி நாள் யார் முகம் எத்தனை அடி என்ற பஞ்சாயத்தில்.