பொறியியல் கலந்தாய்வு: கைப்பேசி எண்ணையும் கடவுச்சொல்லையும் தரகரிடம் கொடுக்காதீர்கள்

என் தங்கை மகள் தண்டையார்பேட்டையில் மாநகராட்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். கணிதத்தில் 78, இயற்பியலில் 82, வேதியியலில் 80 பெற்றாள். கணிதத்தை முழுமையாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் எடுத்து 200-க்குக் கணக்கிட்டால் அவளுடைய கட்-ஆஃப் 159. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில், கலந்தாய்வு வழியாகச் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது என்பதும் எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. அப்படியிருந்தும் ஏமாந்தோம்.

தேர்வு முடிவு வந்த வாரத்தில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள ஒரு 'கல்வி ஆலோசனை மைய'த்துக்கு அவளை அழைத்துச் சென்றவன் நான்தான். இணையத்தில் விண்ணப்பிப்பதில் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் ஓர் ஆண்டு வீணாகிவிடுமே என்ற அச்சம் எனக்கு. மையத்தை நடத்திய தரகர் கனிவாகப் பேசினார். ஆலோசனைக் கட்டணமாக 15,000 ரூபாயை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டார். ரசீது பிறகு தருவதாகச் சொன்னார். பதிவுக்கான கைப்பேசி எண்ணாகத் தம் எண்ணையே கொடுத்து, 'ஓடிபி எனக்கு வந்தால்தான் வேலை விரைவாக நடக்கும்' என்றார். கடவுச்சொல்லையும் அவரே அமைத்தார். விருப்பப் பட்டியலை மட்டும் பிள்ளை பக்கத்தில் அமர்ந்து சொல்ல, அவர் பதிவு செய்தார்.

ஒதுக்கீட்டு முடிவு வந்த நாளில் நாங்கள் கேட்டபோது, 'தரவரிசை போதவில்லை, எதுவும் கிடைக்கவில்லை' என்றார். அன்று மாலையே ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் இருப்பதாகவும், 40,000 ரூபாய் முன்பணமும் அசல் சான்றிதழ்களும் கொடுத்தால் இடத்தை உறுதி செய்துவிடலாம் என்றும் கூறினார். தங்கை தன் வளையல்களை அடகு வைத்து அந்தப் பணத்தைக் கட்டினாள்.

எங்கள் பிள்ளையைவிடக் குறைந்த கட்-ஆஃப் பெற்ற அவளுடைய வகுப்புத் தோழிக்கு 7.5 விழுக்காட்டில் இடம் கிடைத்ததை அறிந்த பிறகே எங்களுக்கு ஐயம் எழுந்தது. மாணவர் சேர்க்கை உதவி மையத்துக்குச் சென்றோம். அங்கிருந்த அலுவலர் விண்ணப்ப எண்ணைக் கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை: பிள்ளை கேட்டிருந்த கணினி அறிவியல் பிரிவே அவளுக்குத் தற்காலிகமாக ஒதுக்கப்பட்டிருந்தது, குறித்த காலத்துக்குள் யாரும் உறுதி செய்யாததால் அது கைவிட்டுப் போயிருந்தது. குறுஞ்செய்தி முழுவதும் தரகரின் கைப்பேசிக்கே சென்றிருக்கிறது. தனியார் கல்லூரியில் ஆள் சேர்த்தால் அவருக்குக் கமிஷன் உண்டு; கலந்தாய்வில் பிள்ளைக்கு இடம் கிடைத்தால் அவருக்கு ஒன்றும் இல்லை. இந்த எளிய கணக்கை நான் முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த உதவி மையத்தில் பதிவேற்றத்துக்கும் விருப்பப் பட்டியலுக்கும் கட்டணமின்றி உதவுகிறார்கள். ஒரு பைசாவும் செலவின்றி முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

சான்றிதழைத் திருப்பிக் கேட்டபோது, முதல் ஆண்டுக் கட்டணம் முழுவதையும் கட்டச் சொன்னது கல்லூரி. வகுப்பு தொடங்கும் முன் விலகும் மாணவரிடம் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழைத் தடுத்து வைக்கவும் கூடாது என்பது அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. அதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதிய பிறகு, சான்றிதழ்களும் 39,000 ரூபாயும் திரும்பின. தரகரிடம் கொடுத்த 15,000-க்கு ரசீது இல்லாததால், காவல் நிலையத்தில் புகார் கொடுத்தும் இதுவரை பயனில்லை. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்பதால், அங்கும் மனு கொடுக்க ஆயத்தமாகி வருகிறோம்.

பிள்ளை இப்போது பாரதி மகளிர் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். அந்தத் தரகரின் மையமோ பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டு அதே தெருவில் நடக்கிறது; சென்ற வாரம் அவள் படித்த பள்ளியின் வாசலிலேயே அவர்கள் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.