பிவோ பில்ஸ்: ஹாப்ஸ் தூக்கலான ஒரு பில்ஸ்னர்

ஸ்ட்ராங் பீர் என்றால் நம்மூர் வழக்கில் ஆல்கஹால் கூடுதலாக உள்ள பீர் என்பதுதான் பொருள். பாட்டிலில் அச்சிட்டிருக்கும் சதவீதம் ஏழு, எட்டு என்றிருந்தால் அது ஸ்ட்ராங், ஐந்தை ஒட்டியிருந்தால் லைட் என்று பிரித்துவிட்டு, அதற்கு மேல் சுவையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கலிபோர்னியாவின் பாசோ ரோபிள்ஸ் நகரில் ஃபயர்ஸ்டோன் வாக்கர் நிறுவனம் தயாரிக்கும் பிவோ பில்ஸ் இந்தக் கணக்குக்குள் அடங்காத பீர். ஆல்கஹால் 5.3 சதவீதம்தான் என்றாலும், பில்ஸ்னர் என்ற வெளிறிய பொன்னிற பீர் வகையில் நான் இதுவரை குடித்துப் பார்த்தவற்றுள் இதைவிட வலுவானவை என்று இரண்டு மூன்றைத்தான் சொல்ல முடியும். அந்த வலிமை முழுவதும் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூவிலிருந்து வருகிறது.

முதலில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லிவிடுகிறேன். அடைத்து இரண்டு வாரமே ஆகியிருந்த ஒரு கேனைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, பத்து நிமிடம் மேசையில் வைத்திருந்துவிட்டு, உயரமான குறுகிய கண்ணாடிக் குவளையைச் சற்றே சாய்த்துப் பிடித்து ஊற்றினேன். நிறம் வெளிறிய வைக்கோல் மஞ்சள். மாலை வெயில் விழும் ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது மறுபக்கம் இருந்த எலுமிச்சை மரத்தின் இலைகளை எண்ணிவிடலாம் போன்ற தெளிவு. மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்கு நுரை எழும்பி நின்றது. அது சோப்பு நுரையைப் போல உடனே உடைந்து போகாமல், கடைந்த மோரின் மேல் திரளும் வெண்ணெய் போலக் கெட்டியாக இருந்து மெதுவாக அடங்கியது. ஒவ்வொரு மிடறுக்குப் பின்னும் குவளையின் உள்சுவரில் ஒரு நுரை வளையம் ஒட்டி நின்றதால், எத்தனை மிடறு குடித்திருக்கிறேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவும் முடிந்தது. ஹாப்ஸின் கசப்புப் பொருள்களும், மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியின் புரதமும் சேர்ந்துதான் இப்படி நுரையை நிறுத்துகின்றன என்பதால், குடிப்பதற்கு முன்பே இதில் ஹாப்ஸ் தாராளமாக இருக்கிறது என்பதை நுரையே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இந்த பீரின் சிறப்பு மணத்தில்தான் இருக்கிறது. மூக்கைக் குவளையருகே கொண்டு போனதும் முதலில் எழுவது எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் தெறிக்குமே, அந்த எண்ணெயின் வாசம். அடுத்து கமலா ஆரஞ்சு, புதிதாக வெட்டிய புல், எங்கோ பின்னால் இடித்த வெள்ளை மிளகு. இவற்றுக்கெல்லாம் அடியில், சூடான ரொட்டியின் மேல்தோட்டை நினைவூட்டும் மால்ட் மணம் மெலிதாகப் பரவியிருக்கிறது. ஒரு நொடி மட்டும் தீக்குச்சி உரசியதுபோல மிக லேசான கந்தக நெடி தோன்றி மறைந்தது. பில்ஸ்னரும் சேர்ந்த லாகர் என்ற பீர் குடும்பத்தைக் குளிரில் நொதிக்க வைக்கும் ஈஸ்டுக்கு இது இயல்பு என்பதால் நான் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. சொல்லப்போனால், அந்த நெடி அறவே இல்லாத ஜெர்மானிய வகை பில்ஸ்னர் எனக்கு ஏதோ குறைவதுபோலத்தான் தோன்றும்.

இந்த மணம் எங்கிருந்து வருகிறது என்பதற்குச் சிறு விளக்கம் தேவை. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண் பூங்கொத்து. வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடையொன்றில் ஒருமுறை காய்ந்த ஹாப்ஸ் பூவை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பார்த்திருக்கிறேன். பச்சை இதழ்களின் அடியிலிருந்து மஞ்சள் பொடி உதிர்ந்து கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் மணம் போகவில்லை. கசப்புக்கான அமிலங்களும் மணத்துக்கான எண்ணெய்களும் லூபுலின் என்ற அந்தப் பொடியில்தான் இருக்கின்றன. மால்ட் சாற்றைக் கொதிக்க வைக்கும்போது ஹாப்ஸைப் போட்டால் கசப்பு நன்றாக இறங்கும், ஆனால் மண எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். நொதித்தல் முடிந்து குளிர்ந்த பீரில் ஹாப்ஸைப் போட்டு ஊறவைத்தால் கசப்பு பெரிதாகக் கூடாது, மணம் மட்டும் இறங்கும். இந்தப் பின்முறைக்கு டிரை ஹாப்பிங் என்று பெயர். பிவோ பில்ஸில் கசப்புக்கு மேக்னம், நடுப்பகுதிக்கு ஸ்பால்டர் செலெக்ட், கடைசியில் ஊறவைக்க சஃபீர் என ஜெர்மானிய வகைகளே பயன்படுகின்றன. நான் மேலே சொன்ன கமலா ஆரஞ்சு வாசம் சஃபீருக்கே உரியது.

மரபான பில்ஸ்னரில் டிரை ஹாப்பிங் கிடையாது. 1842-இல், இன்றைய செக் நாட்டில் உள்ள பொஹீமியாவின் பில்சென் நகரில் பவேரியரான யோசஃப் குரோல் காய்ச்சிய முதல் பொன்னிற லாகரில் இருந்து பெருகி வந்த இந்தக் குடும்பம், கொதிகலனில் போடும் ஹாப்ஸோடு நிறைவடைந்திருந்தது. அதில் கைவைத்தவர் ஓர் இத்தாலியர். கோமோ நகருக்கு அருகே லுராகோ மரினோனே என்ற சிற்றூரில் பிர்ரிஃபிச்சோ இத்தாலியானோ என்ற சிறு ஆலையைத் தொடங்கிய அகோஸ்தினோ ஆரியோலி, ஆங்கிலேயர் ஏல் என்ற, லாகரைவிடச் சற்று வெப்பத்தில் நொதிக்கும் தங்கள் பீப்பாய் பீர்களில் ஹாப்ஸை நேரடியாகப் போடும் பழக்கத்தைப் பார்த்து, அதையே பில்ஸ்னருக்குச் செய்தால் என்ன என்று 1996-இல் டிபோபில்ஸை உருவாக்கினார். அதைக் குடித்து வியந்த ஃபயர்ஸ்டோன் வாக்கரின் தலைமைத் தயாரிப்பாளர் மாட் பிரினில்ட்சன், ஹாப்ஸ் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த பின்னணி உள்ளவர். அந்த இத்தாலிய யோசனையை அவர் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்ததன் பலன்தான் பிவோ. செக் மொழியில் பிவோ என்றால் பீர் என்று மட்டுமே பொருள். ஆக, செக் பெயர், ஜெர்மானிய ஹாப்ஸ், இத்தாலிய யோசனை, ஆங்கிலேயப் பழக்கம், கலிபோர்னியக் கைப்பக்குவம். ஒரு கேனுக்கு இத்தனை ஊர் வழி சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவல் போட்டியில் 2013, 2014, 2015 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஜெர்மானிய வகைப் பில்ஸ்னருக்கான தங்கப் பதக்கத்தை இது வென்றிருக்கிறது.

வாயில் வைத்ததும் முதலில் தெரிவது இனிப்பு என்பதைச் சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். நாக்கின் நுனியில் மால்ட்டின் மென்மையான, தேன் தடவிய பிஸ்கட்டைப் போன்ற இனிப்பு ஒரு கணம் நிற்கிறது; அது நிலைப்பதற்குள் கசப்பு வந்து மேலேறிவிடுகிறது. இந்தக் கசப்பு பாகற்காயைப் போல நாக்கில் அப்பிக்கொள்ளும் கசப்பு அன்று. நேராக, சுத்தமாக, நாக்கின் இரு ஓரங்களையும் தொட்டுக்கொண்டு தொண்டைவரை போய், விழுங்கிய பிறகும் அரை நிமிடம் இருந்து, மிளகுக் காரத்தைப் போன்ற ஓர் உலர்ந்த உணர்வை விட்டுவிட்டு அகல்கிறது. அடுத்த மிடறைக் கேட்க வைப்பது அந்த உலர்ந்த முடிவுதான்.

கசப்பை அளக்கும் சர்வதேச அலகில் இதன் அளவு 40. பில்சென் நகரின் மூல பீரான பில்ஸ்னர் உர்க்வெல்லின் அளவும் ஏறத்தாழ இதுதான். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்தவர் இவை ஒரே அளவு கசப்பு என்று ஒப்புக்கொள்ளமாட்டார். செக் பீரில் ஈஸ்ட் தின்று தீர்க்காமல் விட்டுவைத்த சர்க்கரை கணிசமாக மிஞ்சுவதால் அதன் ஆல்கஹால் 4.4 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. மிஞ்சிய இனிப்பு கசப்புக்குத் தலையணையாகிறது. பிவோவில் சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்துபோய்விட்டதால் கசப்பு தன் முழு உயரத்தில் எழுந்து நிற்கிறது. அட்டையில் அச்சிடும் எண்ணை நம்பி பீர் வாங்குவோர் இந்த இரண்டையும் ஒரு மாலை ஒன்றாக வைத்துக் குடித்துப் பார்க்கலாம்.

பில்ஸ்னர் தயாரிப்பது கடினம் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதன் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. காரக்குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் புளியும் காரமும் அதை மூடிவிடும், தெளிந்த ரசத்தில் மூடாது. ஸ்டவுட் என்ற கறுத்த பீரில் வறுத்த மால்ட்டின் காபி மணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக்கூடிய பிசகுகள் பில்ஸ்னரில் பளிச்சென்று தெரியும். கொதி போதாவிட்டால் வெந்த மக்காச்சோள வாடை, ஈஸ்டுக்கு அவகாசம் போதாவிட்டால் வெண்ணெய் வாடை. நான் குடித்த கேன்களில் இரண்டும் இல்லை. இங்கிலாந்துப் பாணி ஏல்களை ஓக் பீப்பாய்களில் நொதிக்க வைத்துப் பெயர் பெற்ற ஒரு ஆலையிலிருந்து இவ்வளவு துலக்கமான லாகர் வருவது எனக்கு இன்னமும் வியப்புதான்.

ஆல்கஹாலையும் ஹாப்ஸையும் சேர்த்தே கூட்டிவிடும் வேறொரு வழியும் உண்டு. இம்பீரியல் பில்ஸ்னர் என்று அதற்குப் பெயர். சாமுவேல் ஆடம்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் ஹாலர்டவ் என்ற ஜெர்மானிய ஹாப்ஸைக் கொண்டு 8.8 சதவீதத்தில் தயாரித்தது இந்த வகையில் பெயர் பெற்ற ஒன்று. குளிர்காலத்தில் சிறு குவளையில் நிதானமாக அருந்துவதற்கு இந்த வகையில் இன்பம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஆல்கஹால் ஏழைத் தாண்டும்போது, அதற்காகச் சேர்த்த மால்ட்டின் இனிப்பும் நாக்கில் கனக்கத் தொடங்குகிறது. அந்தக் கனத்தைச் சமன் செய்ய ஹாப்ஸ் கூட, ஹாப்ஸைச் சமன் செய்ய மால்ட் கூட, பில்ஸ்னருக்கு உயிரான அந்த உலர்ந்த முடிவு கரைந்து போகிறது. பிவோ ஆல்கஹாலை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு மணத்தை மட்டும் ஏற்றியிருப்பதால், கனம் கூடாமலே வலிமை கூடியிருக்கிறது. என் வாக்கு இதற்குத்தான்.

ஆலையிலேயே குடிப்பதற்கும் கேனில் குடிப்பதற்கும் வேறுபாடு உண்டா என்று கேட்டால், உண்டு. சான் ஹோசேயிலிருந்து 101-ஆம் நெடுஞ்சாலையில் சலீனாஸ் பள்ளத்தாக்கின் காய்கறி வயல்களைத் தாண்டி, மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் அங்கே குழாயிலிருந்து பிடித்த ஒரு குவளையைக் குடித்திருக்கிறேன். கேனில் எலுமிச்சைத் தோலாக இருந்த வாசம் அங்கே பூவாசமாகவே இருந்தது. கசப்பும் ஒரு படி மென்மை. வெளியே வெயில் தகித்த அந்தக் கோடை நாளில் என் நடுநிலைமை எவ்வளவு நம்பத்தக்கது என்பது வேறு விஷயம். திரும்பும்போது வண்டியோட்டும் பொறுப்பை மனைவியிடம் ஒப்படைத்திருந்ததால் இரண்டாவது குவளைக்கும் தடையிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. வீட்டுக்குப் பக்கத்துக் கடையொன்றில், குளிர்பெட்டிக்கு வெளியே அலமாரியில் அடுக்கியிருந்த ஆறு கேன்களை விலைச்சலுகை என்ற ஒரே காரணத்துக்காகத் தேதி பார்க்காமல் வாங்கி வந்தேன். திறந்த கேனில் எலுமிச்சையும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. ஈரமான அட்டைப்பெட்டியின் வாடை, அதற்குப் பின்னால் பழைய தேனின் மந்தமான இனிப்பு, அதற்கும் பின்னால் துணையிழந்து தனியே நிற்கும் கரடான கசப்பு. கேனைத் திருப்பி அடியில் பார்த்தபோதுதான் அடைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது தெரிந்தது. டிரை ஹாப்பிங்கில் இறங்கிய மண எண்ணெய்கள்தாம் முதலில் மங்குபவை. ஆக்சிஜனும் வெப்பமும் அவற்றை வாரக்கணக்கில் அரித்துவிடும். கசப்போ மெதுவாகத்தான் குறையும். எனவே பழைய பிவோவைக் குடித்துவிட்டு, இது வெறும் கசப்பு பீர் என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னால் அவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்த ஆறில் நான்கை மாட்டிறைச்சி வேகவைக்கப் பயன்படுத்தினோம், குழம்பு நன்றாகவே வந்தது.

குடிக்கும் வெப்பநிலை குறித்து ஒரு சொல். ஐஸில் புதைத்து வைத்து எடுத்தால் மணம் உறங்கிவிடும். 4 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரை சரியாக இருக்கும். குவளையின் கடைசிக் கால்பங்கு சற்றுச் சூடேறியபோது ஆரஞ்சு வாசம் பின்வாங்கி, உலர்ந்த மூலிகை போன்ற ஒரு மணம் முன்னால் வந்தது. மலிவான லாகர்கள் இந்தக் கட்டத்தில் சப்பென்று ஆகிவிடும்; இது ஆகவில்லை. தொட்டுக்கொள்ள, மிளகும் பூண்டும் தூக்கலாகப் போட்டு மொறுமொறுவென்று வறுத்த நெத்திலி வைத்துப் பார்த்தேன். மீனின் எண்ணெயை ஒவ்வொரு மிடறும் துடைத்தெடுத்தது. மிளகாய்த்தூள் அதிகம் சேர்ந்த பண்டங்களோடு மட்டும் ஒத்துப்போகவில்லை, காரமும் கசப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டு நாக்கு எரிந்தது.

முதன்முதலாகக் கைவினை பீர் குடிக்க விரும்பும் நண்பருக்கு இதை நீட்டுவேனா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. வெளிறிய நிறத்தைப் பார்த்து மிருதுவான ஒன்றை எதிர்பார்ப்பவருக்கு அந்த நீண்ட கசப்பு முதல் குவளையில் சற்று அதிர்ச்சி தரலாம். பேல் ஏல், ஐபிஏ போன்ற ஹாப்ஸ் மிகுந்த ஏல் வகைகளைக் குடித்துப் பழகி, அவற்றின் கனத்தில் சலித்துப்போனவர்களுக்கோ தயங்காமல் பரிந்துரைப்பேன். வாங்கும்போது கேனைத் தலைகீழாகப் பிடித்துத் தேதியைப் படியுங்கள். இரண்டு மாதத்துக்குள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், மூன்று தாண்டியிருந்தால் சலுகை விலைக்கும் வேண்டாம். இந்தத் தடவை வாங்கியதில் இன்னும் இரண்டு மிச்சம் இருக்கின்றன. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால், விருந்தினர் கண்ணில் படாத இடத்தில்.